கூழுக்கும் ஒரு காலம்

அமெரிக்கத் தென் மாநிலங்களின் காலை உணவான கிரிட்ஸ், முதல் தடவை சாப்பிடுபவர்களைப் பெரும்பாலும் ஏமாற்றிவிடுகிறது. நம் உப்புமாவுக்கும் நொய்க்கஞ்சிக்கும் உறவான இந்த வெள்ளைக் கூழைக் கிண்டுவது எப்படி, சாப்பிடுவது எப்படி? இதே கூழையே நம்பி வாழ்ந்தவர்களில் ஒரு லட்சம் பேர் ஒரு காலத்தில் மடிந்தது ஏன்?

1992-ல் வெளியான ‘மை கசின் வின்னி’ என்ற ஹாலிவுட் படத்தில், கொலை வழக்கின் முக்கிய சாட்சி ஒருவர் கூழில் வழுக்கி விழுகிறார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்து அலபாமா மாநிலத்துக்கு வந்து சேர்ந்த கத்துக்குட்டி வக்கீலாக ஜோ பெஸ்கி நடித்திருப்பார். உள்ளூர் சாப்பாட்டுக் கடையில் தட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ வந்து விழுகிறது. இது என்ன என்று விசாரிக்கிறார். தயங்கித் தயங்கி வாயில் வைக்கிறார். எப்படிச் சமைப்பார்கள் என்றும் கேட்டு வைத்துக்கொள்கிறார்.

அந்த அறிவு கோர்ட்டில் கைகொடுக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட இளைஞர்கள் கடைக்குள் போனதற்கும் வெளியே ஓடியதற்கும் இடையே ஐந்தே நிமிடம்தான், அந்த நேரத்தில் நான் காலை உணவு சமைத்துக்கொண்டிருந்தேன் என்கிறார் சாட்சி. என்ன சமைத்தீர்கள்? முட்டையும் கிரிட்ஸும். உடனடி ரகமா? தன்மானமுள்ள தெற்கத்திக்காரன் அதைத் தொடுவானா என்று சாட்சி சிலிர்த்துக்கொள்கிறார். அப்படியானால் உலகமே இருபது நிமிடம் கிண்டுகிற கூழ் உங்கள் அடுப்பில் மட்டும் ஐந்து நிமிடத்தில் வெந்தது எப்படி என்று மடக்குகிறார் வக்கீல். சாட்சியம் பொலபொலவென்று உதிர்கிறது.

தெற்கே பிறந்தவர்களுக்கு இந்த நகைச்சுவையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கிரிட்ஸ் வேக எவ்வளவு நேரம் ஆகும் என்பது அங்கே சிறு குழந்தைக்கும் தெரியும். அமெரிக்காவில் விற்கும் கிரிட்ஸில் முக்கால் பங்கு டெக்சாஸின் கீழ்ப்பகுதியிலிருந்து தலைநகர் வாஷிங்டன் வரை நீளும் தென் மாநிலங்களில்தான் விற்கிறது. இந்த வளையத்துக்கு ‘கிரிட்ஸ் பெல்ட்’ என்றே செல்லப் பெயர் உண்டு. 2002-ல் ஜார்ஜியா மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வ சமைத்த உணவாக அறிவித்தது. தென் கரோலினாவின் சட்டப் புத்தகத்தில் சோள மாவுக்கும் கிரிட்ஸுக்கும் என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. அதே மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜ் என்ற சிற்றூரில் 1986-லிருந்து ஏப்ரல் மாதத்தில் உலக கிரிட்ஸ் திருவிழா நடக்கிறது. அதன் உச்சகட்டம், தொட்டி நிறையக் கூழை ஊற்றி அதில் போட்டியாளர்கள் புரளுவது. யார் உடம்பிலும் உடுப்பிலும் அதிகக் கூழ் ஒட்டியிருக்கிறதோ அவருக்குப் பரிசு.

நொய்யும் கிரிட்ஸும்

கிரிட்ஸ் என்றால் என்ன என்று தமிழரிடம் சொல்ல ஒரே சொல் போதும்: நொய். ஆங்கிலச் சொல்லின் வேரும் அதேதான். கரகரவென்று உடைத்த தானியம் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றிலிருந்து வந்தது. காய்ந்த மக்காச்சோளத்தை எந்திரத்தில் கொடுத்து உடைத்தால் மாவு, ரவை, நொய் என்று மூன்றும் கலந்து வரும். மாவைச் சலித்து எடுத்து சோள ரொட்டிக்கு வைத்துக்கொள்வார்கள். சல்லடையில் தங்கும் கரகரப்பான பகுதி கிரிட்ஸ். சார்ல்ஸ்டன் நகரத்தார் உடைந்த அரிசியையும் இதே பெயரில் சமைத்தார்கள். தென் கரோலினாவின் நெல் வயல்கள் உலகப் புகழோடு இருந்த காலத்தில் முழு அரிசி கப்பலேறியது, நொய் சமையலறைக்கு வந்தது. இந்தக் கதையும் நமக்குப் புதிதல்ல.

இதற்குப் பயன்படும் சோளம் நாம் கடற்கரையில் சுட்டுத் தின்னும் இனிப்புக் கதிர் அல்ல. நன்றாக முற்றிக் காய்ந்தபின் ஒவ்வொரு மணியின் தலையிலும் சின்னப் பள்ளம் விழும் ரகம். இந்த ரகத்தில் மாவுச் சத்து மிருதுவானது. அதனால்தான் கிரிட்ஸ் குழைவாக, பாலேடு போல வேகிறது. இத்தாலியர்களின் பொலெண்டா பெரும்பாலும் கடினமான மணி கொண்ட மஞ்சள் ரகத்தில் செய்வது. அது மணல் மணலாக நிற்கும். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் சுபாவம் வேறு.

அமெரிக்கக் கடை அலமாரியில் கிரிட்ஸ் மூன்று நான்கு வேஷங்களில் நிற்கும். முதல் தடவை வாங்குபவர்கள் திகைப்பது இங்கேதான். கல் எந்திரத்தில் உடைத்தது முதல் ரகம். மணியின் முளைக்கருவும் சேர்ந்தே அரைபடுவதால் எண்ணெய்ச் சத்தும் மணமும் அதிகம். சீக்கிரம் காறிவிடும் என்பதால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வேக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். இரண்டாவது, ஆலையில் கருவை நீக்கி உடைத்த சாதாரண ரகம். மூன்றாவது, இன்னும் பொடியாக உடைத்த, ஐந்தே நிமிடத்தில் வேகும் ‘குவிக்’ ரகம். நான்காவது, ஏற்கெனவே வேகவைத்து உலர்த்திய ‘இன்ஸ்டன்ட்’ பொட்டலம். வெந்நீர் ஊற்றினால் போதும். படத்தில் அந்த சாட்சி மறுத்தது இதைத்தான்.

‘ஹோமினி கிரிட்ஸ்’ என்று எழுதியிருந்தால் அது இன்னொரு விஷயம். சாம்பல் காரத்திலோ சுண்ணாம்பு நீரிலோ ஊறவைத்துத் தோல் நீக்கிய சோளத்தை உடைத்தது. ஹோமினி என்பதே வர்ஜீனியாவின் பூர்வகுடிகளின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். குழப்பத்தைக் கூட்டுவதற்கு, சார்ல்ஸ்டனின் பழைய குடும்பங்களில் பச்சையாக இருக்கும்வரை கிரிட்ஸ், வெந்து தட்டுக்கு வந்தால் ஹோமினி. நாம் அரிசி, சோறு என்று பிரிப்பதைப் போல.

அடுப்படியில் முதல் நாள்

முதன்முதலாகக் கிண்டுகிறவர்கள் ரவை உப்புமாவை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் பாதியில் தடுமாறுவார்கள். உப்புமாவுக்கு ரவையை வறுக்கிறோம். இதை வறுக்கக் கூடாது. உப்புமா கால் மணியில் இறங்கிவிடும். இதற்குப் பொறுமை வேண்டும். உப்புமாவுக்கு ஒன்றுக்கு இரண்டரை, மூன்று தண்ணீர். இதற்கு ஒன்றுக்கு நான்கு, சில சமயம் ஐந்து.

நான்கு பேருக்கு ஒரு கப் கல் எந்திர கிரிட்ஸ், நான்கு கப் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு மூன்று மேசைக்கரண்டி வெண்ணெய், மிளகுத்தூள் போதும். அடிகனமான பாத்திரம் அவசியம். நொய்யைப் பாத்திரத்தில் போட்டு, அளந்த தண்ணீரை ஊற்றிக் கலக்கி விட்டு சற்று நேரம் வைத்தால் தோலும் உமித் துகளும் மேலே மிதக்கும். சிறு வடிகட்டியால் அதை வழித்து எடுத்துவிட வேண்டும். முந்தைய இரவே ஊறப்போட்டுவிட்டால் வேகும் நேரம் குறையும்.

ஊறிய தண்ணீரோடு அப்படியே அடுப்பில் ஏற்றி, கொதி வரும்வரை கைவிடாமல் கிளற வேண்டும். கட்டி தட்டுவது இந்தக் கட்டத்தில்தான். ஊறவைக்காமல் செய்வதானால், தண்ணீரை முதலில் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஒரு கையால் கிளறிக்கொண்டே மறு கையால் நொய்யைத் தூவ வேண்டும். கேழ்வரகுக் களி கிண்டிப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை. கெட்டியாகத் தொடங்கியதும் தீயை மிகச் சிறியதாக்கி, மூடி போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை வழித்துக் கிளறினால் போதும். எரிமலைக் குழம்பு போல மெல்லக் குமிழி விட வேண்டும். பெரிய தீயில் வைத்தால் கொதிக்கும் கூழ் தெறித்துக் கையைச் சுடும். இறுகிப்போனால் வெந்நீர் மட்டுமே சேர்க்க வேண்டும். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வேக்காடு நின்றுவிடும்.

பதம் பார்ப்பது கண்ணால் அல்ல, நாக்கால். கூழ் திரண்டு பளபளவென்று வந்த பிறகும் உள்ளே நொய் வேகாமல் இருக்கும். பல்லில் நறநறத்தால் இன்னும் பத்து நிமிடம். கரண்டியைச் சாய்த்தால் தட்டில் மெதுவாகப் பரவ வேண்டும். மலை போல நிற்கவும் கூடாது, தண்ணீராக ஓடவும் கூடாது. வெண்பொங்கல் சூட்டோடு இருக்கும் பதம் என்று வைத்துக்கொள்ளலாம். உப்பை ஆரம்பத்திலேயே சேர்க்க வேண்டும். கடைசியில் போட்டால் உப்பு மேலாகவும் கூழ் சப்பென்றும் நிற்கும். வெண்ணெயும் மிளகும் இறக்கிய பிறகு. தண்ணீரில் பாதியைப் பாலாக மாற்றுவோரும் உண்டு. பால் அடிப்பிடிக்கும் என்பதால் பாதி வெந்தபின் ஊற்றுவது நல்லது.

ஆறினால் கிரிட்ஸ் கல்லாக இறுகும். அதுவும் வீணாவதில்லை. மிஞ்சியதைத் தட்டில் கொட்டிப் பரப்பி வைத்து, மறுநாள் வில்லைகளாக அறுத்து, எண்ணெயில் இருபுறமும் மொறுமொறுவென்று பொரிப்பார்கள். பாத்திரத்தைக் கழுவுவதுதான் சோதனை. உடனே தண்ணீர் ஊற்றி வைக்காவிட்டால் காய்ந்த கூழைச் சுரண்டியெடுக்க நேரும்.

சப்பென்று இருப்பது ஏன்?

முதல் தடவை சாப்பிட்ட பலர் சொல்லும் ஒரே குறை, ருசியே இல்லை என்பது. குறையில் பாதி உண்மை. வெறும் கிரிட்ஸ், வெறும் சோற்றைப் போல. சோற்றுக்குக் குழம்பு இருப்பதைப் போல இதற்கும் பக்கத்துணை வேண்டும். வெண்ணெயும் உப்பும் மிளகும் குறைந்தபட்சம். பாதி வெந்த முட்டையின் மஞ்சள் கருவை உடைத்துக் கலப்பது இன்னொரு வழி. பாலாடைக்கட்டியைத் துருவிப்போட்டு, பூண்டும் முட்டையும் சேர்த்து அடுப்பில் வேகவைப்பது விருந்து வகை. நியூ ஆர்லியன்ஸில் மாமிசக் குழம்போடு வரும். பன்றித்தொடை வறுத்த சட்டியில் கறுப்புக் காப்பியை ஊற்றிச் செய்யும் ‘ரெட் ஐ’ குழம்பும் உண்டு. காப்பியில் குழம்பா என்று முகம் சுளிக்க வேண்டாம், அதற்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

சர்க்கரை போடலாமா என்பது தெற்கில் குடும்பங்களைப் பிரிக்கும் கேள்வி. உப்புதான் சரி என்பவர்கள் சர்க்கரைக் கட்சியை வடக்கத்திக்காரர்கள் என்று கேலி செய்வார்கள். ஆனால் தெற்கிலேயே சர்க்கரை போட்டுச் சாப்பிடும் குடும்பங்களும் இருக்கின்றன. புதிதாகச் சாப்பிடுகிறவர் முதல் கிண்ணத்தை உப்போடு முயல்வதே நியாயம்.

ஜார்ஜியாவிலும் கரோலினாக்களிலும் படிக்கவும் வேலை பார்க்கவும் செல்லும் சைவ இந்தியர்களுக்கு, காலை நேர ஹோட்டல்களில் இது ஒரு வரப்பிரசாதம். 1955-ல் ஜார்ஜியாவில் தொடங்கி இன்று இரவு பகலாகத் திறந்திருக்கும் வாஃபிள் ஹவுஸ் கடைகளில் எந்த நேரத்திலும் சூடான கிரிட்ஸ் கிடைக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. சில சமையலறைகளில் பன்றிக் கொழுப்போ கோழி ரசமோ சேர்ப்பது உண்டு. தண்ணீரில் வெந்ததா என்று கேட்டுவிடுவது உத்தமம்.

பூர்வகுடிகள், அடிமைகள்

கிரிட்ஸின் முதல் சமையல்காரர்கள் வெள்ளையர்கள் அல்ல. தென்கிழக்கு அமெரிக்காவின் மஸ்கோகி, செரோக்கி போன்ற பூர்வகுடிகள் சோளத்தை மர உரலில் இடித்து, சாம்பல் நீர் சேர்த்துக் கூழ் காய்ச்சினார்கள். மஸ்கோகிகளின் சோஃப்கி என்ற கூழ் இன்றும் அவர்கள் வீடுகளில் இருக்கிறது. 1607-ல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் இறங்கிய ஆங்கிலேயர்கள் பட்டினியைச் சமாளித்ததில் பூர்வகுடிகள் விளைவித்த சோளத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பிறகு வந்தது தோட்ட அடிமை முறை. வாரத்துக்கு ஆளுக்கு ஒரு ‘பெக்’ சோளம், அதாவது சுமார் ஒன்பது லிட்டர் அளவு, கொஞ்சம் உப்பிட்ட பன்றி இறைச்சி என்பது பரவலாக வழங்கப்பட்ட படி. பகலெல்லாம் வயலில் உழைத்த பிறகு, இரவில் கைத் திரிகையில் சோளத்தை உடைக்கும் வேலை மீதமிருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போர்ச்சுகீசியர்கள் வழியாகச் சோளம் முன்பே போய்விட்டிருந்தது. அதனால் அங்கிருந்து பிடித்துவரப்பட்டவர்களில் பலருக்குச் சோளக் கூழ் புதிதல்ல. தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத் தீவுகளில் வாழும் அவர்களின் வழித்தோன்றல்களான கல்லா கீச்சி மக்கள், உப்பங்கழிகளில் வலை வீசிப் பிடித்த இறாலையும் மீனையும் கூழோடு சேர்த்துச் சாப்பிட்டார்கள். ‘இறால் கிரிட்ஸ்’ என்று இன்று பெரிய ஹோட்டல்கள் பெருமையோடு பரிமாறும் பண்டத்தின் பூர்வீகம் இதுதான்.

மடிந்த ஒரு லட்சம் பேர்

கூழின் கதையில் கறுப்புப் பக்கம் 1906-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு கோடையில் அலபாமாவின் மவுன்ட் வெர்னான் நகரில், கறுப்பினத்தவருக்கான மனநோய் மருத்துவமனையில் 88 நோயாளிகளுக்கு ஒரே மாதிரியான உபாதை. வெயில் படும் இடமெல்லாம் தோல் கருகி உரிந்தது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. புத்தி பேதலித்தது. 57 பேர் இறந்துபோனார்கள். அடுத்த ஆண்டு டாக்டர் ஜார்ஜ் சியர்சி இது பெலாக்ரா என்ற நோய் என்று மருத்துவ இதழில் எழுதினார்.

நோய் ஐரோப்பாவுக்குத் தெரிந்ததுதான். 1735-ல் ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் இதைக் கண்டறிந்தார். இத்தாலியின் ஏழை விவசாயிகள் பொலெண்டாவை மட்டுமே தின்று இதற்கு இரையானார்கள். அமெரிக்கத் தெற்கில் 1906-க்கும் 1940-க்கும் இடையே சுமார் 30 லட்சம் பேருக்கு இந்த நோய் கண்டது. சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். எங்கும் பருத்தி என்று ஆகிவிட்ட நிலத்தில் குத்தகை விவசாயிக்குக் காய்கறி போடக்கூட இடமில்லை. சோளம், வெல்லப்பாகு, பன்றிக் கொழுப்பு இந்த மூன்றுமே மாதக்கணக்கில் சாப்பாடு. பருத்தி ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் இதே கதை.

இது தொற்றுநோய் என்றே பெரும்பாலான டாக்டர்கள் நம்பினார்கள். 1914-ல் அரசு இதை ஆராய ஜோசப் கோல்ட்பெர்கரை அனுப்பியது. ஹங்கேரியில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த யூத மருத்துவர். மருத்துவமனைகளுக்கும் அனாதை இல்லங்களுக்கும் போய்ப் பார்த்தவர் ஒன்றைக் கவனித்தார். நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் வந்த நோய், அவர்களோடு புழங்கும் ஊழியர்களுக்கு வரவில்லை. தொற்றாக இருந்தால் அது ஆள் பார்த்து வருமா? பாலும் இறைச்சியும் முட்டையும் கொடுக்கச் சொன்னார். நோய் மறைந்தது.

எதிராளிகள் ஏற்கவில்லை. 1915-ல் மிசிசிப்பியின் ராங்கின் சிறைப் பண்ணையில், மன்னிப்பு தருவதாக கவர்னர் வாக்களித்ததன் பேரில் ஆரோக்கியமான 12 கைதிகள் சோதனைக்கு முன்வந்தார்கள். ரொட்டி, சோளக் கூழ், கிரிட்ஸ், பாகு, சோறு என்று சராசரி தெற்கத்தி ஏழையின் சாப்பாடு கொடுக்கப்பட்டது. கடைசிவரை இருந்த 11 பேரில் ஆறு பேருக்குச் சில மாதங்களில் பெலாக்ரா கண்டது. அடுத்த ஆண்டு கோல்ட்பெர்கர் இன்னும் ஒரு படி போனார். நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பிலும், மனைவி மேரி, சக டாக்டர்கள் உடம்பிலும் ஊசியால் ஏற்றிக்கொண்டார். நோயாளிகளின் கழிவை மாத்திரையாக்கி விழுங்கவும் செய்தார். யாருக்கும் நோய் வரவில்லை.

நோய்க்குக் காரணம் வறுமை என்று சொன்னது பலருக்குப் பிடிக்கவில்லை. 1921-ல் பருத்தி விலை சரிந்தபோது பெலாக்ரா பெருகும் என்று எச்சரித்ததற்கு, எங்கள் தெற்கை அவமானப்படுத்துகிறார்கள் என்று அங்கிருந்த அரசியல்வாதிகள் கொதித்தார்கள். ஈஸ்ட் கொடுத்தால் நோய் குணமாகிறது என்று கோல்ட்பெர்கர் கண்டறிந்தார். 1927-ல் மிசிசிப்பி நதி பெருக்கெடுத்து ஊர்களை மூழ்கடித்தபோது செஞ்சிலுவைச் சங்கம் ஈஸ்ட் விநியோகித்தது. ஆனால் ஈஸ்டில் இருப்பது எந்தச் சத்து என்று தெரிவதற்குள் 1929-ல் அவர் காலமானார். 1937-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கான்ராட் எல்வெஜெம் விடை கண்டார். அது பி வைட்டமின்களில் ஒன்றான நியாசின்.

சாம்பலின் ரகசியம்

அப்படியானால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சோளத்தையே தின்ற மெக்சிகோ மக்களுக்கும், மஸ்கோகிகளுக்கும் ஏன் இந்த நோய் வரவில்லை? சோளத்தில் நியாசின் இல்லாமல் இல்லை. நம் குடல் உறிஞ்ச முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் காரத்திலோ சோளத்தைக் கொதிக்கவைத்து ஊறவைத்தால் அந்தக் கட்டு அவிழ்கிறது. தோலும் கழன்று வருகிறது. வெறும் தோல் நீக்கும் உபாயம் என்று நினைத்து, வந்தேறிகள் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சாம்பலை விட்டுவிட்டார்கள். ஐரோப்பாவுக்குச் சோளம் கப்பலேறியபோதும் செய்முறை கூடப் போகவில்லை. போதாக்குறைக்கு 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஆலை எந்திரங்கள், கெடாமல் இருக்க வேண்டும் என்று முளைக்கருவையும் நீக்கின. மிச்சமிருந்த சத்தும் தவிட்டோடு போயிற்று.

இந்த ஆராய்ச்சியில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தக்காணத்தில் வெள்ளைச் சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளிடம் பெலாக்ரா காணப்பட்டது. ஐதராபாத்தின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் இதை ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். சோளத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் மிகுந்திருப்பது காரணமாகலாம் என்று 1960-ல் அவரும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் லான்செட் இதழில் எழுதினார்கள். அந்தக் கருத்து பின்னர் விவாதத்துக்கு உள்ளானது. ஆனால் ஒரே தானியத்தில் காலம் தள்ளுகிறவர்களின் உடம்பு என்ன பாடுபடும் என்பதில் விவாதமில்லை.

1940-களில் தொடங்கி அமெரிக்கத் தெற்கில் கிரிட்ஸிலும் சோள மாவிலும் நியாசின் சேர்க்கும் சட்டங்கள் வந்தன. மக்களின் வருமானமும் கூடியது. சாப்பாட்டுத் தட்டில் வேறு பண்டங்களும் சேர்ந்தன. பெலாக்ரா மறைந்தது. இன்று பாக்கெட்டில் ‘செறிவூட்டப்பட்டது’ என்று அச்சாகியிருப்பதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கதைதான்.

ஏழையின் தட்டிலிருந்து

இறால் கிரிட்ஸ் தேசம் முழுக்கப் பிரபலமானதற்கு 1982-ல் வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில் திறந்த குரூக்ஸ் கார்னர் என்ற உணவகத்தின் சமையல்காரர் பில் நீல் காரணம். மிசிசிப்பியில் பிறந்த நியூயார்க் டைம்ஸ் உணவு எழுத்தாளர் கிரெய்க் கிளெய்போர்ன் 1985-ல் அவரது செய்முறையை எழுத, நாட்டின் பல மூலைகளிலும் அதைச் சமைக்கத் தொடங்கினார்கள். அந்த உணவகம் 2021-ல் மூடப்பட்டது, பண்டம் நிலைத்துவிட்டது. 1998-ல் தென் கரோலினாவில் கிளென் ராபர்ட்ஸ் தொடங்கிய ஆன்சன் மில்ஸ், மறைந்துகொண்டிருந்த பழைய சோள ரகங்களைத் தேடி மீட்டுப் பயிரிட்டு, கல் எந்திரத்தில் உடைத்து விற்கிறது. நம் நாட்டில் சிறுதானியங்களுக்கு வந்த திடீர் மவுசு இங்கே நினைவுக்கு வரும். கம்பும் வரகும் வயலோரத்திலிருந்து நட்சத்திர ஹோட்டலுக்குப் போனதைப் போலத்தான் கிரிட்ஸும் போனது.

அந்தச் சமையலறைகளில் இந்தியக் கைகளும் இருக்கின்றன. குஜராத்தில் வளர்ந்த விஷ்வேஷ் பட், மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் சமைத்தவர். 2019-ல் தெற்கின் சிறந்த சமையல்காரருக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றார். கேரளத்திலிருந்து போன ஆஷா கோமஸ், அட்லான்டாவில் உணவகம் நடத்தி, தன் இரண்டு தெற்குகளையும் இணைத்து 2016-ல் சமையல் புத்தகம் எழுதினார்.

நம் ஊரில் கிடைக்குமா?

இந்தியாவில் விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்கும் ஆலைகளுக்கும் போகிறது. பெரம்பலூர் சோளம் நாமக்கல் கோழிகளுக்கு என்பது தமிழகத்துக்குத் தெரிந்த கணக்கு. ஆனாலும் மனிதர்கள் இதைக் கூழாகச் சாப்பிடுவது இங்கேயும் உண்டு. ராஜஸ்தானின் மேவார் பகுதியில் உடைத்த சோளத்தைக் குழைய வேகவைத்துத் தயிரோடும் பாலோடும் சாப்பிடுகிறார்கள். கிரிட்ஸை முதலில் பார்க்கும் உதய்பூர்காரர் ஆச்சரியப்பட மாட்டார்.

சமைத்துப் பார்க்க விரும்புவோர் கடையில் ‘மக்காச்சோள ரவை’ அல்லது வடக்கே ‘மக்கா தலியா’ என்று கேட்டால் கிடைக்கும். கரகரப்பானதைப் பார்த்து வாங்க வேண்டும். ‘கார்ன்ஃப்ளோர்’ என்று விற்பது வெறும் ஸ்டார்ச். அதில் கிண்டினால் பசைதான் வரும். இங்கே கிடைப்பது பெரும்பாலும் மஞ்சள் ரகம் என்பதால் அமெரிக்க வெண்மை இருக்காது. ருசியில் குறைவில்லை. மாவு மில்லில் காய்ந்த சோளத்தைக் கொடுத்து நொய்யாக உடைத்து, சலித்தும் எடுக்கலாம்.

சாம்பல் வைத்தியத்தையும் செய்ய ஆசையிருந்தால் அதற்கான பொருள் தாத்தா பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருந்ததுதான். மெக்சிகோவில் பயன்படுத்துவதும் நீற்றிய சுண்ணாம்பே. உணவுக்கென்று விற்கும் சுத்தமான சுண்ணாம்பாக இருக்க வேண்டும், வெள்ளையடிப்பதற்கானது ஆகாது. ஒரு கிலோ முழுச் சோளத்துக்குச் சுமார் பத்து கிராம் போதும். சோளம் மூழ்கும் அளவுக்கு மேல் தாராளமாகத் தண்ணீர் வைத்துக் கரைத்து, சோளத்தைக் கொதிக்கவைத்து, இரவு முழுக்க ஊறவிட வேண்டும். காலையில் பல தண்ணீரில் அலசித் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். வெயிலில் நன்றாக உலர்த்தி உடைத்தால் அதுவே ஹோமினி கிரிட்ஸ். அதன் மணமே வேறு.

முதல் கிண்ணத்துக்குத் துணையாக என்ன வைப்பது என்பது அவரவர் வீட்டு ருசி. இறால் தொக்கு இதற்குப் பிறந்த ஜோடி. சைவர்களுக்குப் பூண்டு தூக்கலான தக்காளித் தொக்கோ கத்தரிக்காய் கொத்சுவோ போதும். கூழோடு ஏதாவது ஒரு கீரை, ஒரு பருப்பு, முடிந்தால் ஒரு முட்டை இருப்பது நல்லது. ராங்கின் பண்ணையின் ஆறு கைதிகளுக்கு உணவில் இல்லாமல் போனது பருப்பும் முட்டையும் போன்றவைதான்.